துண்டில் சுற்றிய கை

வல்லரசு தன் வலது கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். ராயபுரத்தில் மீன்வலைக் கடைக்கு மேலே இருந்த அந்த வீட்டுக்குக் கையைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் புதிதல்ல. அங்கே குடியிருந்த சாபிரா, வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். நசுங்கிய வண்டியைப் பார்த்து யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிப்பது அவர் வேலையாக இருந்தது. மணலியில் ஒரு டேங்கர் லாரி அவரைப் பார்த்ததும் தானாகவே உண்மையைச் சொல்லிவிட்டது என்று ஒரு கதை உண்டு. சாபிரா அதை மறுப்பார். லாரி முதலில் கொஞ்சம் தயங்கியது என்பார்.

"அடி பலமா, அண்ணே?" என்று கேட்டார்.

"அடி இல்லம்மா. இந்தக் கை தப்பு பண்ணிச்சா இல்லியானு எனக்குத் தெரியணும். தெரியற வரிக்கும் ஒரு ஸ்பேனரையும் தொட வேணாம்னு சுத்தி வெச்சிக்கினு கீறேன்."

ஜன்னலோரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்த வேம்பு நிமிர்ந்து உட்கார்ந்தான். வியாசர்பாடிக்காரன், ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். சாபிரா எங்கே விசாரிக்கப் போனாலும் அவன்தான் கூட்டிக்கொண்டு போவான். பாதி வழியிலேயே குற்றவாளி யார் என்றும் சொல்லிவிடுவான். இதுவரை ஒரே ஒரு தடவை சரியாகச் சொல்லியிருக்கிறான். அது அவனுடைய சொந்த மச்சான் செய்த திருட்டு.

வல்லரசு விஷயத்தைச் சொன்னார். விம்கோ நகரில் அவருக்கு ஒரு ஷெட். பிரேக் வேலை மட்டும்தான் செய்வார். அந்த ஷெட் நிற்கிற மனை தவசிமுத்துவுடையது. தூத்துக்குடியிலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிற மனிதர்; வல்லரசுக்கு இளவயதிலிருந்து தோஸ்து. இருவரும் சேர்ந்து உயிர் கொடுத்த ஒரு பச்சை நிறப் பழைய கார் இருந்தது. ஐம்பதுகளில் இங்கிலாந்தில் செய்தது. அதைச் செய்த கம்பெனி செத்துவிட்டது, கார் சாகவில்லை.

"வெள்ளிக்கிழம முன் சக்கரம் ரெண்டுக்கும் புது லைனிங் போட்டு, லாரில ஏத்தி முத்து வூட்டுக்கு அனுப்பினேன். ஞாயித்துக்கிழம காலைல முத்துவோட டிரைவர் ரகுபதி எடுத்துகினு எண்ணூர் வரிக்கும் போயிருக்கான். திரும்பி வரச்சொல்ல கடலோரமா ஒரு நாய் குறுக்க வந்துச்சு. பிரேக்கை மிதிச்சான். வண்டி லெப்ட்ல இழுத்துகினு போய் அலைக்குப் போட்ட பாறாங்கல்லுல மோதிச்சு. மணிக்கட்டு ஒடிஞ்சி போச்சு அவனுக்கு."

"வலது சக்கரம் பிடிக்கலை," என்றார் சாபிரா.

"ஆமா. திருவொத்தியூர் மெக்கானிக் கலீலுல்லாவ வரவெச்சு எல்லார் முன்னாலயும் தொறந்தாங்க. வலது சக்கரத்துல ரெண்டு ஷூவும் இடம் மாறிப் போட்டுக்கீது. லைனிங் மேல கிரீஸ் வேற. 'இத்தன வருச நம்பிக்கையைக் கெடுத்துட்டியேல, ஷெட்டக் காலி பண்ணு'ன்னுட்டான் முத்து."

வேம்புக்காக சாபிரா ஒரு விஷயத்தை விளக்கினார். சக்கரத்துக்குள் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு ட்ரம் சுழல்கிறது. அதற்குள் அரைவட்டமாக இரண்டு ஷூ, அவற்றின் மேல் உரசிப் பிடிக்கிற லைனிங். பெடலை மிதித்தால் இரண்டும் விரிந்து சட்டியின் உட்புறத்தை அழுத்திப் பிடிக்கும். இந்தக் காரில் முன்பக்க ஷூவின் லைனிங் நீளம், பின்பக்க ஷூவினுடையது குட்டை. நீளமானதுதான் பாதிக்கு மேல் வேலை செய்யும். அது பின்னால் போய்விட்டால் அந்தச் சக்கரம் பெயருக்குத்தான் பிரேக் பிடிக்கும்.

"ஷெட்டு போனா போவுதும்மா," என்றார் வல்லரசு. "நான் பிரேக் போட்டு எத்தினி ஸ்கூல் வேன் ஓடிக்கினு கீது தெரிமா? இந்தக் கை ஒரு வண்டில தப்பா போட்டா இன்னொண்ணுலயும் போட்டிருக்கும். ரெண்டு நாளா ஒவ்வொரு வேன்காரன் காலையும் புடிச்சு, வண்டிய எடுக்காதனு கெஞ்சிக்கினு கீறேன். பைத்தியம்னு சிரிக்கறானுங்க."

சாபிரா செருப்பை மாட்டினார்.

விம்கோ நகருக்குப் போகிற வழியில், தேரடி வருவதற்குள் வேம்பு வழக்கை முடித்துவிட்டான். "கலீலுல்லாதான்மா. தொழில் போட்டி. தொறக்கற சாக்குல மாத்தி வெச்சிட்டான்."

"எல்லாரும் பார்க்கும்போதா?"

வேம்பு மெட்ரோ தூண் ஒன்றைக் கடக்கும் வரை யோசித்தான். "அப்போ முத்துவோட பையன் பாலகணேஷ். அந்த எடத்துல கன்டெய்னர் குடோன் கட்டணும்னு ஊர் பூரா சொல்லிக்கினு திரியறான். போன வாரம் அளக்கறவங்க கூட வந்தாங்களாம். டீக்கடைல கேட்டேன்."

ஷெட் மிகவும் குறுகலானது. கார் தலையை நுழைத்து நின்றால் அதன் வலது பக்கம் சுவரை ஒட்டிவிடும். நடுவில் ஒரு சந்துதான் மிஞ்சும். அதில் நுழைந்து வேலை பார்த்தே தான் இளைத்துப் போனதாக வல்லரசு சொன்னார். இடது பக்கத்தில் தாராளமான இடம். அங்கே ஒரு இரும்பு ஸ்டூல் கிடந்தது. வேம்பு அதை நகர்த்திப் பார்த்தான். அது நகரவில்லை.

"இன்னா நைனா இது, ஸ்டூலா? தூணா?"

"முத்து உக்கார்றது. மரத்துல மூணு செஞ்சேன், மூணும் ஒடிஞ்சுது. அப்புறம் காசிமேட்டுல ஒடச்ச கப்பலோட நங்கூரச் சங்கிலிய வாங்கியாந்து வெல்டு பண்ணேன். அந்தக் கப்பலை நிறுத்தின சங்கிலி, முத்துவையும் நிறுத்திச்சு." வல்லரசு சிரிக்கவில்லை. "பிரேக் வேலைனா இதுல உக்காந்து ஸ்பேனர் எடுத்துக் குடுப்பான். போன்ல போட்டோ புடிப்பான். வாய் ஓயாது. லெப்ட் சக்கரம் முடிஞ்சதும் கெளம்பிடுவான்."

"ரெண்டு சக்கரத்தையும் ஒரே நேரத்துல பிரிக்க மாட்டீங்களா?"

"ஐயோ. ஒண்ணப் பிரிச்சா இன்னொண்ணு முழுசா இருக்கணும்மா. எது எங்க இருந்துச்சுனு சந்தேகம் வந்தா அங்க போய்ப் பாக்கலாம். ஆனா அது கண்ணாடில பாக்கற மாதிரி. லெப்ட்ல இந்தப் பக்கம்னா ரைட்ல அந்தப் பக்கம். அத மனசுல திருப்பிப் போடணும்."

"வலது பக்கம் உங்களைத் தவிர யார் வேலை பார்த்திருக்காங்க?"

"சந்துல யாரு பூருவா? முத்து பையன் பாலு சின்னப் புள்ளயா இருக்கச்சொல்ல டார்ச் புடிச்சிக்கினு எங்கூட உள்ள வருவான். இப்போ அவனுக்கும் தொப்பை."

"வேலை முடிஞ்சா முதல் ஓட்டம் யாரு?"

"பிரேக் போட்டவன் முதல் ஓட்டத்துல முன்சீட்டுல உக்காரணும். அது எங்க தொழில் தர்மம். தப்பா போட்டிருந்தா முதல்ல அவன் மூஞ்சிதான் கண்ணாடில மோதணும். எப்பவும் முத்து ஓட்டுவான், நான் பக்கத்துல. இந்தத் தடவ, ஞாயித்துக்கிழம காலைல போன் பண்ணி, 'வர வேணாம், முட்டி திடீர்னு புடிச்சுக்கிச்சு, ரகுபதி போய்ட்டு வரட்டும்'னான்."

சாபிரா தலையசைத்தார். வேம்பு அவர் முகத்தில் எதையாவது படிக்க முயன்றான். அந்த முகத்தைப் படிப்பதைவிட எண்ணூர் உப்புக்காற்றில் துருப்பிடித்த பேருந்துப் பலகையைப் படிப்பது எளிது.

மறுநாள் காலை தவசிமுத்துவின் வீட்டு போர்டிகோவில் எல்லோரும் கூடினார்கள். கார் ஒரு கண் உடைந்து நின்றது. வலது முன் சக்கரம் கழற்றி, ட்ரம் தரையில் கவிழ்ந்து கிடந்தது. தவசிமுத்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை முழுவதுமாக மறைத்துக்கொண்டு, முட்டியில் தைலம் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவர் மகன் பாலகணேஷ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரகுபதி மாவுக்கட்டோடு படியில் இருந்தான். கலீலுல்லா கருவிப்பையோடு நின்றார். வல்லரசு கேட்டருகிலேயே நின்றுவிட்டார். துண்டு அவிழவில்லை.

சாபிரா குனிந்து ட்ரம்மை எடுத்து விளிம்பைத் தடவினார். "இந்தக் கீறல் பழசா, பாய்?"

"புதுசு," என்றார் கலீலுல்லா. "எவனோ ஸ்க்ரூ டிரைவர வெச்சு நெம்பிக்கீறான். நான் தொறக்கச்சொல்லவே இருந்துச்சு. நமக்கு எதுக்குன்னு வாயத் தொறக்கல."

"நீங்க எப்படிக் கழற்றுவீங்க?"

"அட்ஜஸ்டர மொதல்ல லூஸ் பண்ணா ஷூ உள்ள சுருங்கிக்கும். அப்புறம் ரெண்டு தட்டு தட்னா ட்ரம் கைல வந்துரும். நெம்பவே வேணாம். லூஸ் பண்ணாம இழுத்தா ஷூவும் கூடவே வரும், ஸ்பிரிங் தெறிச்சிரும்."

சாபிரா பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்துத் தரையில் நான்கு வட்டங்கள் போட்டார். "எனக்கு ஒரு உதவி வேணும். வலது முன் சக்கரத்தை வெளியே இருந்து பார்க்கிற மாதிரி, உள்ளே எது எது எங்கே இருக்கணும்னு ஒவ்வொருத்தரா வரைஞ்சு காட்டுங்க. ஒருத்தர் வரைஞ்சதும் வேம்பு சாக்கைப் போட்டு மூடிடுவான்."

"இது என்ன விளையாட்டு, மேடம்?" என்றான் பாலகணேஷ்.

"சின்ன விளையாட்டுதான்."

ரகுபதி வட்டத்தைப் பார்த்தான், சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்தான். "உள்ள இன்னா கீதுனு எனக்கு எப்டிம்மா தெரியும். நான் வெளில உக்காந்து ஓட்றவன்."

கலீலுல்லா இரண்டு கோடு இழுத்து, நீளத்தையும் குட்டையையும் குறித்துவிட்டு எழுந்தார். பாலகணேஷ் முதலில் யோசித்தான். பிறகு இடது கையை டார்ச் பிடிப்பது போல நீட்டிக்கொண்டான். வலது கை தானாக வரைந்தது.

தவசிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு ஆசையாக வரைந்தார். இரண்டு ஷூ, மேல் ஸ்பிரிங், கீழ் ஸ்பிரிங், கொக்கி எந்த ஓட்டையில் மாட்டுகிறது என்பது வரை ஒன்றையும் விடவில்லை. "இவ்வளவு வருசம் பக்கத்துல இருந்து பாத்திருக்கேம்லா," என்றார்.

வேம்பு சாக்குகளை விலக்கினான். கலீலுல்லாவின் வட்டத்திலும் பாலகணேஷின் வட்டத்திலும் நீளமான லைனிங் வலது கைப் பக்கம் இருந்தது. காரின் மூக்கும் அந்தப் பக்கம்தான் இருந்தது. தவசிமுத்துவின் வட்டத்தில் அது இடது கைப் பக்கம் இருந்தது.

"இருக்கிறதிலேயே அழகான படம் இது," என்றார் சாபிரா. "ஆனா இது இடது சக்கரம்."

தவசிமுத்து படத்தைப் பார்த்தார். அவருடைய கை சட்டைப் பையில் இருந்த போனை மெல்ல மூடிக்கொண்டது.

"வலது சக்கரத்தைத் திறந்தப்போ ஷூ ரெண்டும் இதே மாதிரிதான் இருந்தது," என்று சாபிரா தொடர்ந்தார். குரல் ஏறவில்லை. "வல்லரசு அண்ணனோ பாயோ பிரிச்சிருந்தா அட்ஜஸ்டரை லூஸ் பண்ணியிருப்பாங்க, கீறல் விழுந்திருக்காது. ரகுபதிக்கு உள்ளே இருக்கிறது தெரியாது. தெரிஞ்சே கெடுத்தவனா இருந்தா அதே வண்டியை ஓட்டிக்கிட்டுப் போய்க் கையை உடைச்சுக்க மாட்டான். பாலகணேஷ் சந்துக்குள்ளே டார்ச் பிடிச்சவர், வலது பக்கம் அவர் கைக்கே ஞாபகம் இருக்கு. தவிர, அந்த இடத்துல குடோன் கட்டணும்னு ஊர் பூரா சொல்றவருக்கு மறைஞ்சு செய்யத் தேவையில்லை."

"அம்மா, நீங்க என்ன சொல்ல வாறீங்க?" என்றார் தவசிமுத்து.

"பிரேக் வேலை தெரியாத ஒருத்தர் ட்ரம்மை நெம்பி இழுத்தார். ஸ்பிரிங் தெறிச்சது. திரும்ப மாட்டணுமே. அவர்கிட்ட இருந்தது ஸ்டூல்ல உட்கார்ந்து எடுத்த போட்டோ. ஸ்டூல் இடது பக்கம். அந்தச் சுவரோரச் சந்துல அவரால ஒரு நாளும் நுழைய முடிஞ்சதில்லை. போட்டோவைப் பார்த்து அப்படியே மாட்டிட்டார். திருப்பிப் போடணும்னு அவருக்குத் தெரியாது." சற்று நிறுத்தினார். "உங்க முட்டி வலி பொய்யில்லை, அய்யா. பழக்கமில்லாதவர் தரையில குந்தி உட்கார்ந்து சக்கரம் பிரிச்சா மறுநாள் வலிக்கத்தான் செய்யும்."

மீன் வண்டி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு தெருவைக் கடந்தது.

"கொஞ்சூண்டு கிரீஸ் தடவத்தான் தொறந்தேன்," என்றார் தவசிமுத்து கடைசியில். "பிரேக் சரியா பிடிக்கலன்னு சொல்லிச் சண்டை போடணும், அம்புட்டுதான். அந்த எளவு ஸ்பிரிங்கு தெறிச்சுட்டு."

பாலகணேஷ் போனைக் கீழே வைத்தான். "நான் இடத்தைக் கேட்டப்போ எல்லாம் நீங்கதானேப்பா என்கூடச் சண்டைக்கு வந்தீங்க? வல்லரசு இருக்கிற வரைக்கும் அது அவன் இடம், வாக்கு குடுத்திருக்கேன்னு?"

"அதாம்ல நானும் சொல்லுதேன். குடோன்காரனுக்குக் கையெழுத்துப் போட்டாச்சு. குடுத்த வாக்க நான் எப்படில மீற முடியும்? அவன் மொதல்ல ஒரு தப்பு பண்ணணும், அப்பதான எனக்கு வாய் வரும். பாத்துட்டே இருந்தேன். பாவி, இத்தன வருசத்துல ஒரு தப்பு கூடப் பண்ண மாட்டேங்கானே."

அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. தனக்கு அநியாயம் நடந்துவிட்டது போலச் சொன்னார்.

ரகுபதி மாவுக்கட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். "நான் வூட்டுக்குத் திரும்பாம போயிருந்தா இன்னா சொல்லியிருப்பீங்க, அய்யா?"

தவசிமுத்து தைலப் புட்டியை மூடினார். சாபிரா ரகுபதியிடம் சொன்னார்: "ஸ்டேஷனுக்குப் போகிறதா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியவன் நீதான். போனா என்னைக் கூப்பிடு. பார்த்ததைச் சொல்றேன்."

வல்லரசு கேட்டிலிருந்து நடந்து வந்தார். தவசிமுத்துவைப் பார்க்கவில்லை. "சாபிராம்மா, கை தப்பு பண்ணல, இல்ல?"

"இல்லைண்ணே. உங்க கை சரியா இருக்கு."

அவர் துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, "வெற்றி, வேனை எடுத்துக்கப்பா. பசங்கள ஏத்திக்கோ. ஒண்ணும் இல்ல, எல்லாம் நல்லாத்தான் கீது. மத்தவங்களுக்கும் சொல்லிடு," என்றார். பிறகு தன் வலது கையை உற்றுப் பார்த்தார்.

"இந்தக் கையே தப்பு பண்ணிருந்தா தேவலாம்மா," என்றார்.

கலீலுல்லாவின் பையிலிருந்து ஒரு புது லைனிங் செட்டை வாங்கிக்கொண்டு வலது சக்கரத்தின் முன்னால் குந்தினார். கலீலுல்லா கேட்காமலே பக்கத்தில் உட்கார்ந்து கிரீஸைத் துடைத்தார். ஸ்பிரிங்குகள் ஒவ்வொன்றாக ஏறின. ட்ரம்மைப் போடுவதற்கு முன்னால் வல்லரசு முதல் தடவையாகத் திரும்பினார்.

"முத்து. இங்க வா."

தவசிமுத்து முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"நல்லாப் பாரு. இதான் வலது பக்கம். பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

வல்லரசு ட்ரம்மைப் போட்டு மூடினார். சக்கரத்தை மாட்டினார். முன்கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"முதல் ஓட்டம். வண்டிய எடு."

"வல்லரசு, நான் சொல்லுறதக் கொஞ்சம்..."

"பிரேக் நான் போட்டுக்கீறேன். ஓட்டு."

பச்சைக் கார் கேட்டைத் தாண்டியது. வேம்பு ஆட்டோவில் பின்தொடர்ந்தான். சாபிரா பின்சீட்டில் இருந்தார். கடலோரச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் மெதுவாக வடக்கே போனது. பின்கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன, ஒன்று பெரியது, ஒன்று சிறியது. இரண்டும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தன. திருவொற்றியூர் அருகே ஒரு லாரி சட்டென்று நின்றது. காரும் நின்றது, நூல் பிடித்தது போல நேராக.

"இன்னாம்மா பேசிக்குவாங்க உள்ள?" என்றான் வேம்பு.

"ஒண்ணும் பேசலை."

"எப்டித் தெரியும்?"

"அந்தப் பெரிய தலை ஒரு தடவை கூடத் திரும்பலை."

ஷெட் வாசலில் கார் நின்றது. வல்லரசு இறங்கி உள்ளே போனார். தவசிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். உள்ளே இரும்பு தரையில் உராய்கிற சத்தம் கேட்டது. நேற்று வேம்புவால் அசைக்க முடியாத ஸ்டூலை வல்லரசு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வேம்பு உதவிக்கு ஓடினான். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். டிக்கியைத் திறந்து, தொடையில் முட்டுக்கொடுத்து, ஸ்டூலைத் தூக்கி உள்ளே வைத்தார். காரின் பின்பக்கம் இறங்கி, உடைந்த முன்கண் வானத்தைப் பார்த்தது.

டிக்கியை மூடி, இரண்டு தட்டு தட்டினார். மெக்கானிக்குகள் வேலை முடிந்த வண்டியைப் போகச் சொல்கிற தட்டு அது.

தவசிமுத்து கியர் போட்டார்.